வேலிக்கு நரை விழுந்தால்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் எந்தத் தாமானுக்குள் போனாலும் சாய வாடை மூக்கில் ஏறும். காலை வெயிலை நம்பி வேலிக்குச் சாயம் பூசத் தொடங்குவார்கள். மூன்று மணிக்கு மழை இறங்கிவிடும். மறுநாள் துடைத்துவிட்டு மறுபடியும் பூசுவார்கள். பண்டிகையன்று வேலி பளிச்சென்று இருக்கும். சித்திரை பிறப்பதற்குள் கொப்புளம் கட்டி, பட்டை பட்டையாக உரியும். மரம் மட்டம் என்பார் ஒருவர், சாயம் மட்டம் என்பார் இன்னொருவர். நான் பார்த்த வேலிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் மரத்திலும் இல்லை, சாயத்திலும் இல்லை. பூசிய மாதத்தில்தான் இருந்தது.

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரை மரவேலி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நிறம் போய்விட்டதே, என்ன செய்வது? அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிறம் மட்டும் போயிருக்கிறதா, மரமே போய்க்கொண்டிருக்கிறதா? முதலாவது நரை. இரண்டாவது நோய். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால், நல்ல மரத்தைச் சுரண்டிச் சுரண்டித் தேய்க்கிறோம். அழுகிய மரத்துக்கு மேல்பூச்சுப் பூசி மூடுகிறோம்.

நம்மவர்களின் மரவேலிப் பழக்கம் தோட்டத்து லயத்திலிருந்து வந்தது. இந்த வட்டாரத்துத் தோட்டங்களின் வரலாறு நீளமானது. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய இடம் இங்கேதான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில். அதன் பெயரே தமிழ்: தென்னமரம் தோட்டம். லயத்துக்குப் பின்னால் இருந்த கையகல நிலத்தில் கத்தரி, வெண்டை, பசலை, முருங்கை என்று நட்டவர்கள், தோட்டத்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் காட்டுப்பன்றிக்கும் தப்பிக்க வேலி போட்டார்கள். காசு கொடுத்து மரம் வாங்கிப் போட்ட வேலிகள் அல்ல அவை. இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை மறுநடவுக்காகச் சாய்த்தபோது கிடைத்த கிளைகள், பலகை ஆலையில் ஒதுக்கிய ஓரப்பலகைகள், சாமான் வந்த பெட்டியின் பலகைகள். கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள், ஆண்டுதோறும் மாற்றினார்கள். அவர்கள் கைவேலையில் குறை இல்லை. கைக்கு வந்த மரம் அப்படி.

ஏன் அப்படி என்பதற்குத் தமிழில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வயிரமாக இருப்பதைப் புல் என்றும், உட்புறம் வயிரமாக இருப்பதை மரம் என்றும் பிரிக்கிறது. வேலி போடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள வகைப்பாடு கிடையாது. மரத்தின் நடுவில் உள்ள வயிரத்தில்தான் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கும் சத்துகள் படிந்திருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள வெளிறு உயிருள்ள காலத்தில் நீரைச் சுமந்த பகுதி. மாவும் சர்க்கரையும் நிறைந்தது. எவ்வளவு உயர்ந்த சாதி மரமானாலும் அதன் வெளிறு சீக்கிரம் அழுகும். பலகை ஆலையின் ஓரப்பலகை என்பது பெரும்பாலும் வெளிறுதான். ரப்பர் மரத்திலோ வயிரமே கிடையாது என்று சொல்லலாம். வெட்டிய சில நாளிலேயே நீலக்கறைப் பூஞ்சை ஏறிவிடும், பிறகு பொடிவண்டு துளைக்கும். இன்று அதே ரப்பர் பலகை போரான் உப்பேற்றப்பட்டு நாற்காலி மேசையாக உலகம் சுற்றுகிறது. ஆனால் போரான் தண்ணீரில் கரையும். மழையில் நிற்கும் வேலியில் அந்த உப்பு கழுவிப் போய்விடும். கடையில் 'மருந்தேற்றிய பலகை' என்றால், என்ன மருந்து என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

புறவயிரம் உடையவற்றுக்கு இங்கே நல்ல எடுத்துக்காட்டு நிபோங் பனை. கடலோர மீனவர்கள் சேற்றில் ஊன்றும் கம்பங்களுக்கு இதைத்தான் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அதன் மேல்தோல் கல் மாதிரி இருக்கும், உள்ளே சோறு. அழகுக்காக இழைத்துவிட்டால் இருந்த பாதுகாப்பையே சீவி எறிந்ததாகும். தென்னங்கட்டைக்கும் இது பொருந்தும். இழைக்காமல், வெட்டிய தலையை மட்டும் மூடிவிட்டால் போதும்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தில் மரங்களின் ஆயுளைச் சோதிக்கும் முறை எளிமையானது. 50 மி.மீ. சதுரமும் 600 மி.மீ. நீளமும் உள்ள முளைகளை மண்ணில் வரிசையாக ஊன்றிவிட்டு, அழுகியும் கறையான் தின்றும் எப்போது விழுகின்றன என்று பார்ப்பார்கள். பார்க்க இடுகாடு போல இருப்பதால் ஆய்வாளர்கள் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். பத்தாண்டுக்கு மேல் நிற்பது மிக உறுதியானது, ஐந்து முதல் பத்து வரை உறுதி, இரண்டு முதல் ஐந்து நடுத்தரம், இரண்டுக்குள் விழுவது உறுதியற்றது. செங்கால் முதல் வகை. ரப்பர் மரம் கடைசி வகை. கெம்பாஸ், கெருயிங் ஆகியவற்றுக்கு இயற்கையான காப்பு அவ்வளவு இல்லை, ஆனால் மருந்தை நன்றாக உறிஞ்சும். செந்நிற மெராந்தி இழைக்கச் சுகமானது, கூரைக்கடியில் நல்லது. மண்ணைத் தொடும் வேலைக்கு ஆகாது. செங்கால் விலை இன்று சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. கால்களை மட்டும் செங்காலில் வாங்கி, பலகைகளை மட்டமான மரத்தில் போடுவதே என் பார்வையில் அறிவுள்ள செலவு. பலகையை ஐந்தாண்டில் மாற்றலாம். காலை மாற்றுவதென்றால் வேலியையே பிரிக்க வேண்டும்.

இனி நிறத்துக்கு வருவோம். புதுப் பலகை முதலில் சற்றே மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறுக்கும், பிறகு வெளுத்து, கடைசியில் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் நிற்கும். மரத்தின் நார்களை ஒட்டவைத்திருக்கும் பசை லிக்னின். மரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு அதுதான். சூரியனின் புற ஊதாக் கதிரை விழுங்கிக்கொள்வதும் பெரும்பாலும் அதுவே. கதிர் அதை உடைக்கிறது, மழை உடைந்ததைக் கழுவுகிறது, மிச்சம் நிற்பது நிறமற்ற செல்லுலோஸ் நார். அந்த நாரின் மேல் கண்ணுக்குத் தெரியாத கரும்பூஞ்சை வித்துகள் குடியேறும்போது சாம்பல் நிறம் வருகிறது. இத்தனை நடந்தும், புற ஊதாக் கதிர் மரத்துக்குள் போகும் ஆழம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிதமான தட்பவெப்பமுள்ள நாடுகளில் மேல்பூச்சு இல்லாத பைன் பலகை நூறு ஆண்டில் சுமார் 6 மி.மீ. தேயும் என்பது பழைய கணக்கு. நம் வெயிலிலும் மழையிலும் அது இரட்டிப்பானாலும், ஒரு வேலிப்பலகையின் ஆயுளில் பொருட்படுத்தத் தக்க இழப்பு அல்ல. நரைத்த செங்கால் வேலியை இரண்டு மில்லி மீட்டர் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே அன்று அறுத்த நிறம் இருக்கும்.

கோலசிலாங்கூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்றே அதிகமான தூரத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதனால் இங்கே வேலியின் முகத்தைவிடத் தலைதான் அதிகம் அடி வாங்குகிறது. மேல்சட்டத்தின் தட்டையான முதுகு, கம்பத்தின் வெட்டுத்தலை, இந்த இரண்டும் பகலில் வெந்து மாலையில் நனைந்து வெடிப்பு விடும். வெடிப்பில் தண்ணீர் தங்கும். மேல்சட்டத்தின் முதுகைச் சரிவாகச் சீவுவதும் கம்பத்தின் தலைக்குத் தகரத் தொப்பி போடுவதும் ஒரு டின் சாயத்தைவிட அதிகம் காக்கும்.

கருநீலமாக, ஆணியிலிருந்து கண்மை வழிந்தது போல இறங்கும் கோடுகள் வேறு கதை. அவற்றைப் பூஞ்சை என்று நினைத்துக் குளோரின் ஊற்றித் தேய்ப்பவர்கள் பலர். மரம் தேயும், கறை போகாது. கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை பிறக்கும் என்பது நம் முன்னோர் அறிந்தது. கலம்காரித் துணியின் கறுப்புக் கோடு அப்படித்தான் விழுகிறது. வேலியில் நடப்பதும் அதுவே. மெர்பாவ், செங்கால் போன்ற துவர்ப்புள்ள மரத்தில் சாதாரண இரும்பாணி அடித்து மழையில் விட்டால் மை தானாக உண்டாகும். மெர்பாவ் கூடுதலாகப் பழுப்புச் சாறும் விடும். சிமெண்டுத் தரை கறைபட்டுப் போகும். பல மழை கண்டு சாறு வற்றும் வரை அதன் அடியில் வெள்ளைத் தரை போடாதிருப்பது நல்லது. இரும்புக் கறைக்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அளவில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசி, கால்மணி நேரம் விட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். விஷம் அது, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. சிறிய கறைக்குக் கடைக்குப் போகவும் வேண்டாம். மலாய்க்காரர் பிலிம்பிங் பூலோ என்னும் புளிச்சக்காய் கொல்லையில் காய்த்துக் கிடந்தால் நறுக்கித் தேய்க்கலாம். துணியில் துருக்கறையை எடுக்கும் அதே புளிப்புதான், அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. கறை போனபின் ஆணியை மாற்றாவிட்டால் மறுபடியும் வரும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள். ஜெராம், தஞ்சோங் காராங் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரகம் வேண்டும்.

நிழல் பக்கத்துப் பச்சை பாசி என்று எல்லாருக்கும் தெரியும். செம்மஞ்சள் தூள் ஒட்டியது போலத் தெரிவதைத் துரு என்று நினைத்துவிடுவார்கள். அதுவும் பாசிதான், ட்ரெண்டெபோலியா. 2001இல் கேரளத்தில் பெய்த செம்மழைக்கு இதன் வித்துகளே காரணம் என்று ஆய்வில் கண்டார்கள். பச்சையோ செம்மஞ்சளோ, பாசி மரத்தைத் தின்பதில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது; அந்த இடம் காயவில்லை என்று நமக்குச் சொல்லவும் செய்கிறது. செடியைக் கத்தரித்துக் காற்று போக வழிவிட்டால் பாதி குறையும். மிச்சத்துக்கு சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் பூசி, கால்மணி நேரம் கழித்து நார்த் தூரிகையால் மரத்தின் ஓட்டத்தோடு தேய்த்துக் கழுவினால் போதும். குளோரின் சலவைநீர் பூஞ்சையைக் கொல்லும், நாரையும் மெல்லக் கெடுக்கும். அதை ஆக்சாலிக் அமிலத்தோடு எந்தக் காரணத்துக்கும் கலக்கக்கூடாது. எழும் வாயு நுரையீரலைத் தாக்கும். கார் கழுவும் உயர் அழுத்தப் பீச்சானை வேலியிடம் கொண்டுபோகாதீர்கள். ஐந்து நிமிடத்தில் மரம் புதிதாகத் தெரியும். மென்மையான வளையங்கள் பிய்ந்து, அடுத்த மழையிலிருந்து இன்னும் வேகமாக ஈரம் குடிக்கும்.

இவை எல்லாம் நரை. நோய் இருக்கும் இடம் கம்பத்தின் கால். மண்மட்டத்திலும் அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்திலும் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. அழுகல் பூஞ்சைக்கு இரண்டும் வேண்டும். இன்னும் ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. அங்கே மரம் நெடுநாள் நிற்கும். எனவே வேலி சாய்ந்தால் பெரும்பாலும் மண்மட்டத்தில்தான் முறியும். அமெரிக்க ஆய்வாளர் ஷெஃபர் 1971இல் ஒரு கணக்கு தந்தார்: ஒவ்வொரு மாதமும் சராசரி வெப்பத்தில் 2ஐயும், மழை நாட்களில் 3ஐயும் கழித்துப் பெருக்கி, 16.7ஆல் வகுத்து, பன்னிரண்டு மாதத்தையும் கூட்ட வேண்டும். அவர் நாட்டில் பெரும்பாலான இடங்கள் நூறுக்குள் அடங்கும். 65ஐத் தாண்டினாலே அழுகல் கடுமை. நம் 27 பாகை வெப்பத்தையும் மாதத்துக்கு 13 மழை நாளையும் போட்டுப் பாருங்கள்: 180க்கு அருகில் வரும். அந்நியநாட்டுப் புட்டியில் 'ஐந்தாண்டு காக்கும்' என்று எழுதியிருந்தால், அது எந்த ஊர் ஐந்தாண்டு என்று யோசிக்க வேண்டியது இதனால்தான்.

ராஜா மூசா காட்டை ஒட்டிய கரிமண் பகுதிகளில் இன்னொரு தொல்லை. புளித்த மண், தாழ்ந்துகொண்டே போகும் மண். ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், கம்பம் தானாகச் சாயும். உயிருள்ள ரப்பர் மரத்தையும் செம்பனையையுமே தின்னும் கறையான் இனம் அந்தக் கரிமண்ணில் பேர்போனது.

கத்தியின் முனையாலோ திருப்புளியாலோ கம்பத்தின் காலைக் குத்திப் பாருங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் வெண்ணெய் போல இறங்கினால் நிறத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். கால் மாற்றும் வேலை. இறங்காவிட்டால் உங்கள் வேலிக்கு வந்திருப்பது வெறும் நரை. கால் மாற்றும்போது குழியின் அடியில் ஒரு சாண் சரளை போடுங்கள், சிமெண்டுக் கழுத்தை மண்ணுக்கு மேலே உயர்த்தி வெளிப்பக்கம் சரித்து விடுங்கள், தட்டையாகவோ பள்ளமாகவோ விட்டால் கம்பம் கிண்ணத்தில் நிற்பது போலத் தண்ணீரில் நிற்கும். பலகையின் அடி மண்ணைத் தொடாமல் நான்கு விரல் உயர்ந்திருக்க வேண்டும்.

மேல்பூச்சில் நாம் செய்யும் பிழைகளில் பெரியது கறுப்பெண்ணெய். பழைய என்ஜின் எண்ணெயை வேலிக்குப் பூசும் பழக்கம் தோட்டத்து லாரிப் பட்டறையிலிருந்து வந்தது. சும்மா கிடைத்தது, கறையானும் கொஞ்ச நாள் ஒதுங்கியது. அதில் புற்றுநோய் தரும் கரிமச் சேர்மங்களும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. மரத்துக்குள் ஆழமாகப் போகாது, காயாது, மழையில் கசிந்து கத்தரிப் பாத்திக்குள் இறங்கும். மலேசியச் சுற்றுச்சூழல் விதிகளில் அது 2005 முதல் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவு. வேலிக்கு அடியில் கீரை பறித்துச் சமைக்கும் வீட்டில் அதைப் பூச மனம் வரக்கூடாது.

செம்பனை ஊரில் வாழ்வதால் பாமாயிலையே பூசினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. எண்ணெய் காற்றில் உறைந்து தோலாவதற்கு அதன் அயோடின் எண் உயர்ந்திருக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170க்கு மேல். பாமாயிலுக்கு ஐம்பதைச் சற்றுத் தாண்டும், தேங்காயெண்ணெய்க்குப் பத்துப் பக்கம். இவை காயவே காயா; பிசுபிசுத்துப் பூஞ்சைக்குச் சோறாகும். ஆளி விதை எண்ணெய்கூட, பூஞ்சை மருந்து கலக்காவிட்டால் நம் புழுக்கத்தில் கறுத்துப் போகும். இந்த மண்ணின் சொந்தப் பூச்சு ஒன்று இருந்தது: கெருயிங் மரத்தைக் குடைந்து எடுத்த எண்ணெய். குங்கிலியத்தோடு சேர்த்துப் படகின் இடுக்குகளை அடைத்தார்கள், மரத்துக்கும் பூசினார்கள். இன்று தேடினாலும் கிடைப்பது அரிது.

நிறமற்ற வார்னிஷை வெளிவேலிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எங்கள் வீட்டு முன்வேலிக்குக் கடைக்காரர் உறுதி சொல்லி விற்ற கண்ணாடி வார்னிஷை மூன்று கோட்டு அடித்தோம். எட்டாம் மாதம் மீன் செதில் மாதிரி உரிந்தது. கதிர் அந்தத் தெளிந்த தோலை ஊடுருவிப் போய் அடியில் உள்ள லிக்னினை உடைக்கிறது. பிடித்துக்கொள்ள இடமில்லாமல் தோல் கழன்றுவிடுகிறது. அதை உரித்தெடுக்க என் தங்கையும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். மரத்துக்குள் ஊறும், இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த, பூஞ்சை மருந்துள்ள எண்ணெய்ப் பூச்சுதான் சரி. அது உரியாது, மெல்ல மங்கும். மங்கியதும் கழுவி ஒரு கோட்டு அடித்தால் போதும். இங்கே அதற்கு ஓராண்டு, அதிகம் போனால் இரண்டாண்டு ஆயுள் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுத்தலைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை பூசுங்கள், மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாய் வழியாகத்தான். பூசும் முன் பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சினால் மரம் தயார். முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது அல்லது மரம் ஈரமாக இருக்கிறது.

மேற்குக் கரையில் மழை உச்சம் தொடுவது இரண்டு தடவை: ஏப்ரலை ஒட்டியும், அக்டோபர் நவம்பரிலும். குறைவது ஜனவரி பிப்ரவரியிலும் ஜூன் ஜூலையிலும். தீபாவளிச் சாயம் ஆண்டின் மிக ஈரமான வாரங்களில் பூசப்படுகிறது என்பது இப்போது தெரியும். ஈர மரத்தை மூடிய தோலுக்கு அடியில் நீராவி வெளியேற வழி தேடும், அதுதான் கொப்புளம். தீபாவளிக்கு வேலியைக் கழுவி மட்டும் விடுங்கள். பூச்சைப் பொங்கலுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்து தைப்பூசம் முடிந்த வாரங்களில் நான்கு நாள் தொடர்ந்து காய்ந்தால் ஐந்தாம் நாள் காலை பூசலாம்.

பூச்சு வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வழி இருக்கிறது. அங்கிருந்து வந்த கிராணிமாரின் ஊரில் வேலி என்றால் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, இடையில் கிடுகு கட்டுவது. உயிருள்ள கம்பம் அழுகாது, நிறமும் மாறாது. இலை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். கிடுகை ஆண்டுதோறும் மாற்றுவார்கள், இற்றது மண்ணுக்கு எரு. சீமைக்கிளுவைக் கொம்பு இந்த மண்ணிலும் குத்தினால் துளிர்க்கும். பின்கொல்லையில் இடம் உள்ளவர்கள் மரப்பலகையை முன்வாசலோடு நிறுத்திக்கொண்டு, பின்பக்கத்தைக் கதியாலுக்கு விடலாம்.

பிரித்த பழைய வேலியை என்ன செய்வது? வெட்டுமுகத்தில் ஓரமாகப் பச்சை நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். 1933இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசன் கண்டுபிடித்த செம்பு, குரோமியம், ஆர்செனிக் மருந்து அதில் ஏற்றப்பட்டிருக்கக்கூடும். ஈரமண்ணில் மரத்தைப் பல பத்தாண்டு நிற்க வைத்த அரிய கண்டுபிடிப்பு அது; ஆர்செனிக்கின் காரணமாக அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்கு நிறுத்தினார்கள். நின்றிருக்கும் வரை தொந்தரவு குறைவு. எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். அந்தக் கட்டையைப் பொங்கல் அடுப்பில் வைக்கக்கூடாது, சாம்பலைப் பாத்தியில் போடக்கூடாது, அறுத்த தூளைக் கோழிக்கூண்டில் பரப்பக்கூடாது. ஊராட்சியின் குப்பைச் சேகரிப்பில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். பச்சை இல்லாத, மருந்து காணாத செங்கால் கம்பமாக இருந்தால் அழுகிய காலை மட்டும் அறுத்து எறிந்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி நடுங்கள். நான்கடி வேலியாக இன்னும் பல ஆண்டு நிற்கும்.